இன்னொரு மகளையும் அழைத்து வரவும்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரே ஒரு மகள். இதில் அவருக்கோ அவர் மனைவிக்கோ என்றைக்கும் சந்தேகம் வந்தது கிடையாது. பெற்றவள் அவள்தான், ஆஸ்பத்திரி வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தவர் இவர்தான், துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு குழந்தையைத்தான். அப்புறம் வீட்டுக்குள்ளிருந்து கேட்ட சத்தத்தை வைத்து உள்ளே நாலைந்து பிள்ளைகள் இருப்பதாகக் கீழ்வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். அது அவர்கள் தப்பில்லை. பிள்ளைக்கு வாலு என்று பெயர் விழுந்ததும் அதனால்தான்.

வாலு அஞ்சாம் வகுப்பை முடித்து, பெரிய பள்ளிக்கூடத்தில் சேர வேண்டியிருந்தது. அதற்குக் குடும்பப் பதிவுத் துறையிலிருந்து ஒரு சான்றிதழ் வேண்டும். மெக்கானிக் அரை நாள் லீவு போட்டார். விரலிடுக்கில் இருந்த கிரீஸைச் சோப்பு போட்டுத் தேய்த்தார், போகவில்லை, அப்படியே கிளம்பினார்.

துறையின் கட்டடம் உயரமானது. லிஃப்டின் மேல் ‘பழுது’ என்று ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். பலகைக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டிருந்ததைப் பார்த்ததுமே, லிஃப்ட் சரியாகப் போவதில்லை என்று மெக்கானிக்குக்குப் புரிந்துவிட்டது. காத்திருக்கும் கூடத்தில் நாற்காலிகளை ஒன்றோடொன்று சேர்த்து முடுக்கியிருந்தார்கள். ஒருவர் எழுந்தால் அந்த வரிசையே ஆடும். தன் முறை வந்ததும் வரிசையை ஆட்டிவிட்டு எழுந்து அவர் கவுண்டருக்குப் போனார்.

கவுண்டரில் இருந்த அம்மா தலையைத் தூக்காமலே கேட்டாள்: “ஒருத்திக்கா, ரெண்டு பேருக்குமா?”

“எனக்கு ஒரே பொண்ணுங்க.”

“ரெண்டு.”

“இல்லீங்க, ஒண்ணுதான்.”

அந்த அம்மா கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினாள். இரண்டு வரி இருந்தது. ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி, பிறந்தபோது ஒரே எடை. இடது காதுக்குக் கீழே இருக்கும் மச்சம்கூட இரண்டு வரியிலும் அதே இடத்தில் இருந்தது.

“ஒரே பொண்ணுதாங்க ரெண்டு தடவை வந்திருக்கு.”

“அப்படி வராது.”

“வந்திருக்கே.”

“வந்திருக்குன்னா ரெண்டு பேர் இருக்காங்கன்னு அர்த்தம்.” அந்த அம்மா இரண்டாவது வரியைத் தட்டித் திறந்தாள். அவள் முகம் மாறியது. “மூத்தவ அஞ்சாவது பாஸ். சரி. இவ ஒண்ணாங்கிளாஸ்ல சேர்ந்ததோட சரி. அதுக்கப்புறம் தடுப்பூசி ஒண்ணு போடல. பல் டாக்டர்கிட்ட ஒரு நாள் கூட்டிட்டுப் போகல, ஒரு பால் பல் கூட விழுந்ததா பதிவு இல்ல. நீங்கல்லாம் என்னங்க அப்பா?”

வரிசையில் பின்னால் நின்றவர் “ச்சே” என்றார்.

மெக்கானிக்குக்குக் காது சூடானது. “அப்படி ஒரு பொண்ணே கிடையாதுங்க” என்றார் கொஞ்சம் சத்தமாக.

“எழுதிக் கொடுங்க.”

எழுதிக் கொடுத்தால் முடிந்துவிடும் என்று அவர் நினைத்தார். இதுதான் அவர் செய்த தப்பு. நின்றபடியே ஒரு தாளை வாங்கி, “எனக்கு ஒரு மகள் மட்டுமே. பதிவில் உள்ள மற்றொருத்தி என் மகள் அல்ல” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த அம்மா அதை இரண்டு தடவை படித்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “மேல கம்ப்யூட்டர் பிரிவுல போய்க் கேளுங்க” என்றாள்.

அந்தக் கட்டடத்திலேயே குளிரூட்டப்பட்டது கம்ப்யூட்டர் பிரிவு ஒன்றுதான். அதன் தலைவர் ஸ்வெட்டரும் மஃப்ளரும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விவரம் கேட்டு ஒரு ஆள் படியேறி வந்ததில் அவருக்கு ஒரே சந்தோஷம். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“பழைய கம்ப்யூட்டர்லேர்ந்து புதுசுக்கு மாறினோம். ஆளுங்களை அப்படியே தூக்கிட்டு வர முடியுமா? முடியாது. அதனால மூட்டை கட்டினோம். ஆளுக்கு ஒரு மூட்டை. உங்க மூட்டைக்குள்ள உங்க பேரு, வேலை, ரத்த வகை, உங்க பொண்ணு. பொண்ணை வெளிய விட்டுட்டுக் கட்டினா நல்லாவா இருக்கும்?”

“நல்லா இருக்காதுங்க.”

“உங்க மனைவி மூட்டைக்குள்ள அவங்க பேரு, வேலை, பொண்ணு. பெத்த தாய். அங்கயும் விட முடியாது.”

“ஆமாங்க.”

“இங்க வந்து அவிழ்த்தோம். உங்க மூட்டைலேர்ந்து ஒரு பொண்ணு வந்தா. அவங்க மூட்டைலேர்ந்து ஒரு பொண்ணு வந்தா. அவ்ளோதான் விஷயம்.”

“ஆனா சார், உள்ள போனது ஒரே பொண்ணு.”

“நீங்க உள்ள போனதைப் பேசுறீங்க. நாங்க வெளிய வந்ததைப் பேசுறோம்.”

“அப்போ தப்பு நடந்திருக்கு, இல்லீங்களா?”

தலைவர் மஃப்ளரைச் சரிசெய்துகொண்டார். “கட்டினது சரியா கட்டியிருக்கோம். அவிழ்த்ததும் சரியா அவிழ்த்திருக்கோம். நடுவுல உங்க பொண்ணு ரெண்டானா அதுக்கு நாங்க என்ன பண்றது? அதுக்கப்புறம் பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ எது பதிஞ்சாலும் உங்க மூட்டைப் பொண்ணுக்குப் போய்ச் சேருது. அம்மா மூட்டைப் பொண்ணைப் பத்தி யாரும் ஒண்ணும் பதியல. பாவம், அது அப்படியே நிக்குது.”

மெக்கானிக்குக்கு ஒரு நொடி அந்தப் பிள்ளையை நினைத்து மனசு என்னவோ செய்தது. அப்புறம் சுதாரித்துக்கொண்டு, “அதை அழிச்சிடுங்க சார்” என்றார்.

தலைவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். “குழந்தையையா?”

“இல்ல, அந்த வரியை...”

“அழிக்க ஒரு பட்டன் இருக்கு. இல்லேன்னு சொல்லல. அதை அமுக்கணும்னா இறப்புச் சான்றிதழ் வேணும்.”

மெக்கானிக் இறங்கி வீட்டுக்கு வந்தார். மருந்துக்கடையில் வேலை முடித்து வந்திருந்த மனைவி எல்லாவற்றையும் கேட்டாள்.

“என்னங்க, சான்றிதழ் வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பினா, ஒரு பொண்ணை வாங்கிட்டு வந்திருக்கீங்க? இருக்கிற ஒண்ணை வளக்கவே எனக்கு இடுப்பு ஒடியுது.”

“நான் எங்க வாங்கினேன்? அவ உன் மூட்டைலேர்ந்து வந்தவளாம்.”

“ஓ, எல்லாத்துக்கும் கடைசில நான்தான்!”

“அவ எங்க படுப்பா?” என்றாள் வாலு. “என் கட்டில்ல இடம் கிடையாது, இப்பவே சொல்லிட்டேன்.”

மூவரும் சிரித்தார்கள். கடிதம் வரும்வரை சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கடிதத்தில், இரண்டு மகள்களையும் அழைத்துக்கொண்டு பதிவதிகாரியை நேரில் பார்க்கும்படி எழுதியிருந்தது. மெக்கானிக் ஒரு மகளோடு போனார். பதிவதிகாரியின் மேசை அவர்கள் வீட்டுச் சமையலறை அளவுக்கு இருந்தது. அதன் மேல் ஒரு கேடயமும் ஒரு மரத் தாங்கலில் பேனாவும் தவிர வேறொன்றும் இல்லை. துறையின் கம்ப்யூட்டர் மாற்றத்தைக் குறையில்லாமல் நடத்தியதற்காகத் துறையே தனக்குக் கொடுத்துக்கொண்ட கேடயம் அது.

“இன்னொரு பொண்ணு எங்க?” என்றார் பதிவதிகாரி.

“சார், யோசிச்சுப் பாருங்க. ரெண்டு பொண்ணுக்கு ஒரே பேரையா வைப்பாங்க?”

“பேர் வைக்கிறது பெத்தவங்க உரிமை. அதுல துறை தலையிடாது.”

“ஒரே நாள்ல பிறந்திருக்காங்களே?”

“இரட்டைப் பிள்ளைங்க அப்படித்தான் பிறக்கும்.”

“ஒருத்தி அஞ்சாவது, ஒருத்தி ஒண்ணாவதுன்னு இருக்கே?”

“அதைத்தான் நான் உங்களைக் கேக்கறேன்.” பதிவதிகாரி எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். பேசுவதற்கு அந்த இடம் அவருக்கு வசதி போலிருக்கிறது. “இங்க பாருங்க. நான் இந்த நாற்காலிக்கு வந்தப்போ இந்த ஊர்ல எத்தனை குழந்தைங்க? கம்ப்யூட்டர் மாத்தினதுக்கப்புறம் எத்தனை? கிட்டத்தட்ட டபுள். ஒரு பிரசவம் நடக்கல, ஒரு ஆஸ்பத்திரி செலவு கிடையாது. எந்தத் துறை இப்படி வளர்ச்சி காட்டியிருக்கு, சொல்லுங்க? பக்கத்து ஊர்லேர்ந்து ஆள் வந்து, எப்படிச் செஞ்சீங்கன்னு கேட்டுட்டுப் போறாங்க.”

“அப்போ எல்லார் வீட்லயும் இப்படித்தானா சார்?”

“எல்லார் வீட்லயும்தான். அவங்க யாரும் உங்களை மாதிரி பண்ணல. ரெண்டு சான்றிதழைக் கொடுத்தோம், ரெண்டையும் வாங்கிட்டு வாய மூடிட்டுப் போனாங்க. நல்ல பெத்தவங்க. நீங்க ஒருத்தர்தான் பெத்த பொண்ணை ‘என் மகள் அல்ல’ன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கீங்க.”

அவர் இழுப்பறையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். மெக்கானிக் தன் கையெழுத்தைப் பார்த்தார். ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் கிரீஸும் பதிந்திருந்தது.

“அப்போ அதைத் திருப்பிக் கொடுங்க சார், நானும் ரெண்டு சான்றிதழ் வாங்கிக்கிறேன்.”

“அது எப்படி? ஒரு குழந்தையைக் கைவிட்டதா எழுத்துல வந்திருக்கு. அதை நாங்க விட்டா, நாங்க கைவிட்டதா ஆகும்.”

அடுத்து வீட்டுக்கு ஆய்வாளர் அம்மா வந்தாள். கையில் அளவு நாடா, காலில் சத்தமே வராத செருப்பு. பல் துலக்கும் பிரஷ்களை எண்ணினாள். தட்டுகளை எண்ணினாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். துணி துவைக்கும் மெஷினைத் திறந்து உள்ளே டார்ச் அடித்தாள்.

“அதுல என்னங்க தேடறீங்க?” என்றாள் மெக்கானிக்கின் மனைவி.

“தேடலம்மா. இல்லேன்னு உறுதி பண்றேன்.” ஆய்வாளர் அம்மா சுவரை அளந்தாள். “ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு எட்டுற உயரத்துல ஒரு கொக்கி கூட இல்ல. அது துண்டை எங்க மாட்டும்?” பிறகு வாலுவைக் கூப்பிட்டுக் கன்னத்தைத் தட்டினாள். “கண்ணு, உன் தங்கச்சிக்கும் உனக்கும் சண்டை வருமா?”

“எனக்குத் தங்கச்சியே இல்ல ஆன்ட்டி. இருந்தா பிஸ்கட்ல பங்கு கேப்பா. ஒண்ணு கூட தர மாட்டேன்.”

ஆய்வாளர் அம்மா எழுதிக்கொண்டாள். அவள் எழுதுவதை வாலு எட்டிப் பார்த்து, எழுத்துக்கூட்டிச் சத்தமாகவே படித்தாள்: “உடன்பிறந்தவளுக்கு... உணவு தர... மறுக்கிறாள்.”

“அடிப் பாவி, வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா?” என்றாள் வாலுவின் அம்மா. அதையும் ஆய்வாளர் அம்மா எழுதிக்கொண்டாள்.

இரண்டாவது கடிதம் சின்னது. காணாமல் போன மகள் கிடைக்கும்வரை, இருக்கும் மகளின் பாதுகாப்பைக் கருதி அவளைத் துறையின் காப்பகத்தில் வைப்பதென்று முடிவாகியிருந்தது. திங்கட்கிழமை வண்டி வரும். மாற்றுத் துணியும் சீப்பும் கொடுத்தனுப்பவும்.

அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. மனைவி வாலுவின் சட்டையை இஸ்திரி போட்டாள். மடித்து வைத்தாள். அதையே திரும்பப் பிரித்து இஸ்திரி போட்டாள். மெக்கானிக் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு சட்டைக்கு அவ்வளவு சூடு வேண்டாம் என்று சொல்ல நினைத்து, சொல்லவில்லை.

“இவங்களுக்கு இன்னொருத்திதானே வேணும்? காட்டுவோம்” என்றாள் மனைவி.

வெள்ளிக்கிழமை மூவரும் துறைக்குப் போனார்கள். மனைவி வாலுவுக்கு ஒற்றைப் பின்னல் போட்டுப் பதிவதிகாரி அறைக்குள் கூட்டிப் போய், வணக்கம் சொல்ல வைத்துவிட்டு வெளியே அழைத்து வந்தாள். வராந்தாவில் அவசரமாகப் பின்னலைப் பிரித்து இரட்டை ஜடை போட்டு, சட்டையை மாற்றி, “குழந்தை மாதிரி பேசுடி” என்று சொல்லித் திரும்ப உள்ளே அனுப்பினாள்.

“வணக்கம், மாமா” என்றாள் வாலு, மழலையில்.

பதிவதிகாரி மேசையைச் சுற்றி வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றார். கையை மேசை விளிம்பு உயரத்துக்குப் பிடித்துக் காட்டினார். “எங்க பதிவுல இருக்கிற பொண்ணு இவ்ளோதான். இது வளர்ந்திருக்கு.”

“பிள்ளைன்னா வளராதா சார்?” என்றாள் மனைவி.

“பதிவு பண்ணாம எப்படிம்மா வளரும்? பாப்பா, பல்லைக் காட்டு.”

வாலு காட்டினாள். முன்னால் இரண்டும் புதுப் பற்கள், அகலமாக, கொஞ்சம் கோணலாக. பதிவதிகாரி வருத்தத்தோடு தலையாட்டினார். “ஒரு குழந்தையைத் தொலைச்சிட்டு, இன்னொரு குழந்தையை அதோட இடத்துல உக்கார வெக்கறீங்க. திங்கட்கிழமை வரைக்கும் எதுக்கு, இப்பவே வண்டியை வரச் சொல்றேன்.” டெலிபோனை எடுத்தார்.

மனைவி வாலுவை இழுத்துத் தன் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். வாலு முதல் தடவையாகப் பேசாமல் நின்றாள்.

மெக்கானிக் படியேறி ஓடினார். கம்ப்யூட்டர் பிரிவுக்குள் நுழைந்தபோது மூச்சு வாங்கியது.

“சார், லிஃப்ட் மக்கர் பண்ணா நாங்க மொத்தமா நிறுத்திட்டுத் திரும்பப் போடுவோம். சில நேரம் சரியாயிடும். ஏன்னு எங்களுக்கே தெரியாது. உங்க மூட்டையைத் திரும்ப ஒரு தடவை கட்டி அவிழ்த்துப் பாருங்க சார். உங்க கால்ல விழறேன்.”

“லிஃப்டையும் இதையும் ஒண்ணா பேசாதீங்க” என்றார் தலைவர். ஆனால் திரும்ப அவிழ்க்க வேண்டும் என்று இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவர் விரல்கள் தானாகவே கீபோர்டுக்குப் போயின. “சரி. பெத்தவங்க மூட்டைலேர்ந்து அவிழ்த்தாத்தானே உங்களுக்குச் சந்தேகம்? இந்தத் தடவை பொண்ணுங்க பேர்ல மூட்டை கட்டுவோம். அதுக்குள்ளேர்ந்து என்ன வருதோ அதுதான் உண்மை. அப்புறம் நீங்க வாய திறக்கக் கூடாது.”

கட்டினார். டீ குடித்தார். அவிழ்த்தார்.

திரையைப் பார்த்த மெக்கானிக் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பெரியவளின் மூட்டையிலிருந்து ஒரு அப்பாவும் ஒரு அம்மாவும் வந்திருந்தார்கள். சின்னவளின் மூட்டையிலிருந்து ஒரு அப்பாவும் ஒரு அம்மாவும் வந்திருந்தார்கள். ஒரு மகளைக் குறைக்க வந்த இடத்தில் அவரும் அவர் மனைவியும் ஆளுக்கு இரண்டாகியிருந்தார்கள்.

“பாத்தீங்களா? அழகா வந்திருக்கு” என்றார் தலைவர்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபடி மெக்கானிக் கீழே வந்தார். பதிவதிகாரி டெலிபோனைக் காதில் வைத்தபடியே தன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மலர்ந்தது. “வண்டி வேண்டாம்” என்று சொல்லி டெலிபோனை வைத்தார்.

“நான் என்ன சொன்னேன்? அந்தக் குழந்தை இருக்கு. அதுக்கு அப்பா இருக்காரு, அம்மா இருக்காங்க. இவ்ளோ நாளா எங்க போயிருந்தாங்களோ தெரியல, இப்போ வந்துட்டாங்க. குடும்பம் ஒண்ணு சேர்ந்திருச்சு.” கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். “இந்த மாதிரி நேரத்துலதான் இந்த வேலைக்கு வந்ததுக்கு அர்த்தம் தெரியுது.”

“அப்போ என் பொண்ணை விட்டுடுவீங்களா சார்?” என்றாள் மனைவி.

“உங்க பொண்ணு எதும்மா? அதைத்தான் இப்போ பாக்கணும்.” பதிவதிகாரி மெக்கானிக்கைப் பார்த்தார். “ஒரே பேர்ல ரெண்டு அப்பா. நீங்க எந்த அப்பா?”

தப்பாகச் சொன்னால் வாலு அந்த இன்னொருவனின் பிள்ளை ஆகிவிடுவாள், இவருக்குப் பதிவிலேயே நிற்கிற பிள்ளை வந்துசேரும். மெக்கானிக்குக்கு எந்த மூட்டை, எந்த வரி, எதுவும் நினைவுக்கு வரவில்லை. வாலுவின் ஆடிய பல்லில் நூல் கட்டிக் கதவுக் கைப்பிடியில் முடிந்து, கண்ணை மூடிக்கொள் என்று சொல்லிவிட்டுத் தானும் கண்ணை மூடிக்கொண்டது மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

“பல் விழுந்த பொண்ணோட அப்பா சார்.”

பதிவதிகாரி திரையில் விரல் வைத்துத் தேடினார். “பல் விழுந்தது... ஆமா, மூத்த குடும்பம். சரி.” முத்திரை விழுந்தது. சான்றிதழ் மேசைமேல் வழுக்கிக்கொண்டு வந்தது. மனைவி அதை எடுத்து மடிக்காமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

மூவரும் கதவுவரை போயிருப்பார்கள்.

“ஒரு நிமிஷம்” என்றார் பதிவதிகாரி.

வாலு அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“அந்த இன்னொரு குடும்பமும் உங்க முகவரிலதான் இருக்கு. புதுசா வந்தவங்களைப் பத்திப் பக்கத்துல இருக்கிறவங்க ரெண்டு வார்த்தை சொல்லணும், அது விதி. எப்படிப்பட்ட ஆளுங்க அவங்க?”

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். மனைவி தரையைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்த வாலுவின் தோளில் அவள் கை அழுத்தமாக விழுந்தது.

“நல்லவங்க சார்” என்றார் மெக்கானிக். “இருக்கிற இடமே தெரியாது.”

“சத்தம் கித்தம்?”

“மூச்.”

“ஏதாவது கேட்டு அலைவாங்களா? சான்றிதழ், மனு, அது இதுன்னு?”

“ஒண்ணுமே கேக்க மாட்டாங்க சார். கொடுத்தாலும் வாங்க மாட்டாங்க.”

பதிவதிகாரி பேனாவைத் தாங்கலில் வைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் பார்வை மெக்கானிக்கின் விரலிடுக்குக் கிரீஸிலும், மனைவி பிடித்திருந்த சான்றிதழிலும், வாலுவின் கோணல் பல்லிலும் கொஞ்ச நேரம் நின்றது. பெருமூச்சு விட்டார்.

“அவங்களைப் பாத்துக் கத்துக்கோங்க” என்றார்.